இடமறியும் செல்கள்: தாவர வளர்ச்சியில் செல்பரப்புப் புரதங்கள்

(பெங்களூருவில் தமிழன்பர்கள் முன் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



விலங்கின் உடலில் செல்கள் இடம்பெயரும். கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றிய செல் ஊர்ந்து போய் முகத்தெலும்பில் சேரும். எலும்பு மஜ்ஜையில் பிறந்த வெள்ளணு, காயம்பட்ட விரலைத் தேடிப் போகும். தாவரச் செல்லுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. செல்லுலோசும் பெக்டினும் சேர்ந்த சுவர் அதைச் சூழ்ந்திருக்கிறது. பக்கத்துச் செல்லோடு ஒட்டிப் பிறந்து, ஒட்டியே வளர்ந்து, பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. அப்படி நகர வழியில்லாத செல்களுள் ஒன்று மேல்தோலாகிறது, இன்னொன்று நீர் ஏற்றும் குழாயாகிறது, வேறொன்று மகரந்தமாகிறது. எது என்ன ஆக வேண்டும் என்பது எங்கே முடிவாகிறது?

செல்லின் உட்கருவில் என்று பலரும் உடனே சொல்வார்கள். மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அதில் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று உட்கருவுக்குத் தானாகத் தெரியாது. தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள், தான் எந்த இடத்தில் இருக்கிறது என்ற செய்தி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அந்தச் செய்தியை வாங்குவது செல்லின் புறப்பரப்பில் பதிந்த புரதங்கள். தாவரச் செல்லின் எதிர்காலத்தை அதன் இருப்பிடம் தீர்மானிக்கிறது என்பதும், அந்த இருப்பிடத்தை அறியும் புலனாகச் செல்பரப்புப் புரதங்கள் இயங்குகின்றன என்பதுமே இன்றைய உரையின் வாதம்.

இப்புரதங்களில் முக்கியமான வகையின் அமைப்பை முதலில் சொல்லிவிடலாம். புரதத்தின் ஒரு பகுதி செல்சவ்வுக்கு வெளியே, சுவரை நோக்கி இருக்கும். ஒரு சிறு பகுதி சவ்வை ஊடுருவும். மூன்றாவது பகுதி செல்லுக்குள் இருக்கும்; அது கைனேஸ் என்னும் நொதி. வெளியே ஒரு மூலக்கூறு வந்து பொருந்தினால் உள்ளே நொதி விழித்துக்கொள்ளும். தாவரங்களில் இப்படியொரு ஏற்பி இருப்பதை முதன்முதலாக 1990இல் மக்காச்சோளத்தில் கண்டார்கள். 2001இல் ஷின்-ஹான் ஷியூ, ஆண்டனி பிளீக்கர் இருவரும் அராபிடாப்சிஸ் செடியின் மரபணுத் தொகுதியைச் சலித்து இவ்வகைப் புரதங்களும் அவற்றின் உறவுகளும் அடங்கிய குடும்பத்தின் மரபணுக்களை எண்ணினார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் சின்னக் களைச்செடியில் 610 இருந்தன. நெல்லில் 1,100க்கு மேல். மனிதரிடம் இதே அமைப்புடைய கைனேஸ் ஏற்பிகள் சுமார் 70தான். தாவர ஏற்பிகளில் கணிசமானவை நோய்க்கிருமிகளை அடையாளம் காண உதவுகின்றன. மற்றவை செடியின் சொந்த உடலைக் கட்டும் வேலையில் இருக்கின்றன. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

1. பிறப்பைவிட இருப்பிடம் வலியது

1995இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பென் ஷெரஸ் குழுவினர் அராபிடாப்சிஸின் வேர்நுனியில் குறிப்பிட்ட சில செல்களை மட்டும் லேசர் ஒளியால் அழித்தார்கள். காலியான இடத்துக்குள் பக்கத்து அடுக்கின் செல்கள் வளர்ந்து பிதுங்கி நுழைந்தன. உள்ளடுக்கில் பிறந்த செல், அதற்கு வெளியே உள்ள புறணி அடுக்கின் இடத்துக்கு வந்ததும் புறணிச் செல்லாகவே நடந்துகொண்டது. அதன் வம்சாவளி வேறு, அது ஏற்ற தொழில் வேறு. புது இடத்தின் அண்டையார் சொன்னதை அது கேட்டது.

தண்டின் நுனியில் இதே உண்மை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இருக்கும் ஆக்குத்திசுவில் ஒரு சில குருத்துச் செல்கள் எப்போதும் பிரிந்துகொண்டே இருக்கும்; அவற்றின் சந்ததிதான் இலையும் கிளையும் பூவுமாகிறது. குருத்துச் செல்கள் தீர்ந்துபோனால் வளர்ச்சி நின்றுவிடும், பெருகினால் நுனி வீங்கிவிடும். இந்தச் சமநிலையை விளக்கியதில் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் எலியட் மெயரோவிட்ஸ் நடத்திய ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1997இல் கிளாவாட்டா-1 என்ற செல்பரப்பு ஏற்பியின் மரபணு அங்கே கண்டறியப்பட்டது. 1999இல் கிளாவாட்டா-3 என்ற சின்னஞ்சிறு புரதச் செய்தியாளர் தெரியவந்தது. ஆக்குத்திசுவின் அடியில் இருக்கும் செல்கள் உஷெல் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. அது மேலே சென்று, குருத்துச் செல்களைக் குருத்தாகவே வைத்திருக்கிறது. குருத்துச் செல்கள் பதிலுக்குக் கிளாவாட்டா-3ஐ வெளியே விடுகின்றன. அது கீழுள்ள செல்களின் பரப்பில் இருக்கும் கிளாவாட்டா-1இல் பொருந்தி, உஷெல்லின் அளவைக் குறைக்கிறது. மேலே கூட்டம் அதிகமானால் கீழே உற்பத்தி குறையும், கூட்டம் குறைந்தால் உற்பத்தி ஏறும்.

இந்தக் கதையில் நம் நாட்டு ஆய்வு மரபுக்கும் ஓர் இழை உண்டு. ஜி. வேணுகோபால ரெட்டி என்ற ஆய்வாளர் முதலில் வெரோனிகா ரோட்ரிக்ஸோடு சேர்ந்து பழ ஈயின் உணர்வுறுப்புகள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்தார். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலும் பிறகு இந்நகரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் பணியாற்றியவர் ரோட்ரிக்ஸ். ஈயில் ஒரு செல் தன் அண்டைச் செல்லோடு பேசுவதைப் பார்த்துப் பழகிய ரெட்டி, பிறகு மெயரோவிட்ஸிடம் போய்த் தாவரத்தின் பக்கம் திரும்பினார். உயிரோடு வளரும் தண்டுநுனியை நாட்கணக்கில் நுண்ணோக்கியில் தொடர்ந்து படமெடுத்து, ஒவ்வொரு செல்லும் எப்போது எத்திசையில் பிரிகிறது என்று கணக்கெடுத்தார். 2005இல் சயன்ஸ் இதழில் அவரும் மெயரோவிட்ஸும் வெளியிட்ட கட்டுரை இன்றைய வாதத்துக்கு நேரடிச் சான்று. நன்கு வளர்ந்துகொண்டிருக்கும் செடியில் கிளாவாட்டா-3ஐ இடையில் ஒடுக்கிப் பார்த்தார்கள். குருத்துப் பகுதி அகன்றது. குருத்துச் செல்கள் வேகமாகப் பிரிந்ததுதான் காரணமாக இருக்கும் என்று எவரும் எண்ணுவார்கள். படங்கள் வேறு சொல்லின. இலையாகவோ பூவாகவோ மாறக் காத்திருந்த ஓரத்துச் செல்கள் பின்னோக்கித் திரும்பிக் குருத்துச் செல்லின் அடையாளத்தை மீண்டும் ஏற்றுக்கொண்டிருந்தன. அடக்கும் செய்தி நின்றதும் செல்லின் தொழில் மாறியது.

இதன் விளைவு நம் சமையலறை வரை வருகிறது. காட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் விதை அறைகள் இரண்டே இருக்கும். சதைப்பற்றுள்ள பெரிய தக்காளிகளில் எட்டுக்கு மேலும் இருக்கும். 2015இல் சக்கரி லிப்மன் குழுவினர் காட்டியபடி, அந்தப் பெரும் பழங்களின் பின்னணியில் தக்காளியின் கிளாவாட்டா-3 மரபணுவைக் குலைத்த மாற்றம் இருக்கிறது. பூவின் ஆக்குத்திசு அகன்றதால் அறைகள் கூடின. அறைகள் கூடியதால் பழம் பெருத்தது. மரபணு என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மத்திய அமெரிக்க உழவர்கள் செல்பரப்பு உரையாடல் ஒன்றைத் தங்கள் தேர்வால் மாற்றியிருக்கிறார்கள். கே.ஆர். மார்க்கெட்டில் குவியும் கோழிக்கொண்டைப் பூவும் இப்படி ஆக்குத்திசு பட்டையாக அகன்றதால் வந்த வடிவமே.

2. திசையும் பரப்பில்தான் எழுதப்படுகிறது

தண்டின் நுனியில் அடுத்த இலை எந்தப் பக்கம் முளைக்கும்? ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி எங்கே குவிகிறதோ அங்கே. அதைக் குவிப்பது பின்-1 என்ற செல்பரப்புப் புரதம். அது ஆக்சினைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. செல்லைச் சுற்றிலும் சமமாகப் பரவாமல், ஒரு பக்கத்துச் சவ்வில் மட்டும் குழுமியிருப்பதுதான் இதன் சிறப்பு. வரிசையாக நிற்கும் செல்களில் பின்-1 எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தத் திசையில் ஆக்சின் ஓடும். இப்புரதம் இல்லாத அராபிடாப்சிஸ் செடியில் பூங்கொத்துத் தண்டு இலையும் பூவுமின்றி மொட்டையாக ஊசிபோல் நிற்கும். 1998இல் இம்மரபணு கண்டறியப்பட்டது. அத்தகைய மொட்டை நுனியில் ஒரு துளி ஆக்சினை வைத்தால் வைத்த இடத்தில் உறுப்பு முளைத்துவிடும் என்று சுவிட்சர்லாந்தின் கூலமையர் குழு காட்டியது.

இங்கே செல்பரப்புப் புரதம் செய்தியை வாங்குவதோடு நிற்காமல் செய்தியை அனுப்பவும் செய்கிறது. சூரியகாந்தியின் விதைச் சுருள்களும் பலாப் பிஞ்சின் முள் வரிசையும் நம் கண்ணுக்குக் கணக்காகத் தெரிகின்றன. அவ்வகை ஒழுங்கின் வேர், புரதம் செல்லின் எந்த விளிம்பில் அமர்கிறது என்பதில் இருக்கிறது.

3. இடைவெளியும் எண்ணிக்கையும்

இலையின் மேல்தோலில் இலைத்துளைகள் உண்டு. கரிவளி உள்ளே வருவதும் நீராவி வெளியேறுவதும் அவற்றின் வழியே. இரண்டு துளைகள் ஒன்றையொன்று ஒட்டி அமைவது அரிது. இடையில் குறைந்தது ஒரு செல்லாவது இருக்கும். துளையாகப் போகும் செல், இபிஎஃப் என்ற சிறு புரதங்களைச் சுற்றிலும் விடுகிறது. அண்டைச் செல்களின் பரப்பில் எரெக்டா என்ற ஏற்பிக் குடும்பமும் டிஎம்எம் என்ற துணைப் புரதமும் அவற்றைப் பற்றுகின்றன. 'இங்கே ஒரு துளை வருகிறது, நீ துளையாகாதே' என்பது செய்தி. இலையின் உட்பகுதியிலிருந்து ஸ்டொமஜென் என்ற வேறொரு புரதமும் வருகிறது. அதே எரெக்டாவில் போட்டியிட்டு அமர்ந்து, துளைகளைக் கூட்டச் சொல்கிறது. ஒரே ஏற்பி, எதிரெதிரான இரு செய்திகள்.

காவிரி நீருக்காக இரு மாநிலங்களும் கவலைப்படும் மண்ணில் இது ஏட்டுச் செய்தி மட்டுமாக இருக்க முடியாது. 2019இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கெய்ன், ஜூலி கிரே குழுவினர், நம் வயல்களுக்கு நன்கு அறிமுகமான ஐஆர்-64 நெல்லில் இபிஎஃப்-1ஐ மிகுதியாகச் சுரக்கச் செய்தார்கள். இலைத்துளைகள் குறைந்தன. முளைத்த நான்காவது, ஐந்தாவது வாரங்களுக்கு இடையில் அப்பயிர் வழக்கமான நீரில் சுமார் 60 விழுக்காட்டையே பயன்படுத்தியது. வறட்சியையும் வெப்பத்தையும் கூடுதல் காலம் தாங்கியது. பாசன வாய்க்காலைப் பற்றிப் பேசும் அளவுக்கு இலையின் மேல்தோலைப் பற்றியும் நம் வேளாண் விவாதங்கள் பேச வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் செய்தி வெகுதூரமும் போகும். அவரை மேளா நடக்கும் நாட்களில் பெங்களூருவாசிகள் அவரைக்கொட்டையை மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். அவரையின் வேரில் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் முடிச்சுகள் உண்டு. பயறு வகைச் செடிகளுக்கு முடிச்சு வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் செடி சர்க்கரை கொடுத்தாக வேண்டும். சோயா மொச்சையில் இந்த அளவை வைத்திருப்பது நார்க் என்ற ஏற்பி என்று 2003இல் தெரிந்தது. அது கிளாவாட்டா-1இன் நெருங்கிய உறவு. வியப்பு என்னவென்றால் அது வேலை செய்யும் இடம் வேரன்று, இலை. வேரில் முடிச்சு உருவானதும் சிறு புரதங்கள் நீர்க்குழாய் வழியே இலைக்கு ஏறுகின்றன. இலைச் செல்லின் பரப்பில் அந்தச் செய்தி பதிவானதும், போதும் என்ற பதில் வேருக்கு இறங்குகிறது.

4. பூவின் மறுப்பும் சம்மதமும்

செல்பரப்புப் புரதங்களின் அதிகாரம் முழுமையாக வெளிப்படும் இடம் சூலகமுடி. காற்றும் தேனீயும் எத்தனையோ வகை மகரந்தங்களை அங்கே கொண்டுவந்து போடுகின்றன. எதற்கு நீர் கொடுப்பது, எதை முளைக்க விடுவது என்று பூ முடிவு செய்தாக வேண்டும். இவ்வறிவியலில் இந்தியப் பங்களிப்பு பெரியது. உரிய இடத்தில் அது பேசப்படுவதில்லை என்ற ஆதங்கத்தோடு இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரி தாவரக் கருவியலுக்கு ஒரு பெரும் பள்ளியை உருவாக்கியிருந்தார். 1962இல் குசும் காந்தா, என்.எஸ். ரங்கசாமி, மகேஸ்வரி மூவரும் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் வைத்து, மகரந்தத்தை நேராக அவற்றின்மேல் தூவி விதை உண்டாக்கினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து ரங்கசாமியும் கே.ஆர். சிவண்ணாவும் அம்முறையை ஒரு பிடிவாதமான செடியில் பயன்படுத்தினார்கள். அது பெட்டூனியா. லால்பாக் மலர்க்கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்துப் பூவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட இனம் தன் மகரந்தத்தால் தான் விதை கட்டாது. தாவரவியலார் இதைத் தன்-ஒவ்வாமை என்பார்கள். சூலகமுடியையும் சூல்தண்டையும் விலக்கிவிட்டு, சூல்கள் ஒட்டியிருக்கும் திசுவில் அதே செடியின் மகரந்தத்தை இட்டார்கள். மகரந்தம் முளைத்தது, சூலுக்குள் நுழைந்தது, விதை கட்டியது. 1967இல் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது.

அதன் பொருளைக் கவனியுங்கள். விந்துச் செல்லுக்கும் முட்டைச் செல்லுக்கும் ஒன்றோடொன்று சேர்வதில் தடை எதுவும் இல்லை. தடை சூலகமுடியிலும் சூல்தண்டிலும் இருந்தது.

அந்தத் தடை என்ன பொருளால் ஆனது என்ற கேள்வி அடுத்து வந்தது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவோடு தொடர்புடைய ஜாக் ஹெஸ்லாப்-ஹாரிசன், யோலண்ட் ஹெஸ்லாப்-ஹாரிசன், மாட்சன், நாக்ஸ் ஆகியோர் 1974இல் சூலகமுடியின் நுண்காம்புகள்மேல் மெல்லிய புரதப் படலம் போர்த்தியிருப்பதைக் காட்டினார்கள். கார்னேஷன் குடும்பத்துப் பூக்களில் அந்தப் படலத்தை நொதியால் கரைத்தபோது மகரந்தக் குழாய் உள்ளே நுழைய முடியவில்லை. 1977இல் யோலண்டும் சிவண்ணாவும் சேர்ந்து சுமார் 1,000 இனங்களின் சூலகமுடிகளைப் பார்த்து, ஈர வகை, உலர் வகை என்று பிரித்தார்கள். மகரந்தச் சேர்க்கையைப் படிக்கும் எந்த மாணவரும் அந்தப் பகுப்பைக் கடக்காமல் போக முடியாது. சிவண்ணா டெல்லிப் பணிக்குப் பிறகு பெங்களூரு வந்து, ஏட்ரீ எனப்படும் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையில் இணைந்தார்.

புரதத்தின் பெயர் 1991இல் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜூன் நஸ்ரல்லா, மிக்கேல் நஸ்ரல்லா தம்பதியும் உடனிருந்தோரும் முட்டைக்கோசுக் குடும்பத்தின் சூலகமுடியில் எஸ்ஆர்கே என்ற ஏற்பியின் மரபணுவைப் பிடித்தார்கள். 1999இல் அதற்குப் பொருந்தும் எஸ்சிஆர் என்ற சிறு புரதம் மகரந்தத்தின் மேற்பூச்சில் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் பல வடிவங்கள் உண்டு. ஒரே வடிவத்தைச் சேர்ந்த இரண்டும் சந்தித்தால் சூலகமுடி அந்த மகரந்தத்துக்கு நீர் தராது. அது முளைக்காமல் காய்ந்துவிடும். 2002இல் நஸ்ரல்லா குழுவினர் இவ்விரு மரபணுக்களை மட்டும், தன் மகரந்தத்தை இயல்பாக ஏற்கும் அராபிடாப்சிஸ் தாலியானாவுக்குள் வைத்தார்கள். அச்செடி தன் மகரந்தத்தையே மறுத்தது. ஒரு பூவின் இல்லற நெறியையே மாற்ற இரண்டு புரதங்கள் போதுமானதாக இருந்தன.

எல்லாச் செடியும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டூனியாவில் மறுப்பவர் ஏற்பி அல்லர். சூல்தண்டில் சுரக்கும் ஆர்என்ஏஸ் என்ற நொதி மகரந்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறது. வயல் பாப்பியில் நிலைமை தலைகீழ்: ஏற்கும் புரதம் மகரந்தத்தின் பரப்பில் இருக்கிறது, சூலகமுடியின் புரதம் அதைத் தொட்டதும் கால்சியம் உள்ளே பாய்ந்து மகரந்தம் தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. பரிணாமம் ஒரே தேவைக்குப் பலமுறை புதிதாக வழி கண்டிருக்கிறது.

விதைத் தொழிலுக்கு இதெல்லாம் மிக நெருக்கமானது. பெங்களூரு வீரிய ஒட்டுக் காய்கறி விதையின் தலைநகர்களுள் ஒன்று. மன்மோகன் அத்தாவர் 1965இல் இங்கே இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1973இல் அது கர்நாடகா என்ற வீரிய ஒட்டுத் தக்காளியையும் பாரத் என்ற குடைமிளகாயையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தை மறுக்காது. ஆகவே ஒவ்வொரு மொட்டையும் விரிவதற்கு முன் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் அகற்றி, வேற்று மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். ஹாவேரி மாவட்டத்து ராணிபென்னூர் வட்டார வயல்களில் பெண்கள் குனிந்து நின்று செய்யும் வேலை இது. அவர்களுடைய கண்ணும் விரலும் இல்லாமல் அந்த விதை இல்லை. முட்டைக்கோசிலோ எஸ்ஆர்கே அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது: இரண்டு தன்-ஒவ்வாமை வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் தேனீ கொண்டுவரும் வேற்று மகரந்தத்தை மட்டுமே பூ ஏற்கும். அப்படியானால் அந்தப் பெற்றோர் வகைகளை எப்படிப் பெருக்குவது? இளம் மொட்டில் எஸ்ஆர்கே இன்னும் போதுமான அளவில் சேர்ந்திருக்காது. மொட்டைத் திறந்து அப்போதே சொந்த மகரந்தத்தை இட்டால் விதை கட்டும். ஏற்பி எந்த நாளில் பரப்புக்கு வருகிறது என்பதை, அதன் பெயர் தெரியாத காலத்திலேயே விதை வளர்ப்பவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

சூலகமுடி ஏற்றுக்கொண்ட பிறகும் அனுமதிகள் தொடர்கின்றன. மகரந்தக் குழாய் சூலை அடையும்போது அங்கே காத்திருக்கும் துணைச் செல்களின் பரப்பில் ஃபெரோனியா என்ற ஏற்பி இருக்கிறது. 2007இல் சூரிக் நகரின் யூலி கிராஸ்நிக்லாஸ் குழுவினர் இதை விளக்கினார்கள். ஃபெரோனியா இல்லாத சூலில் மகரந்தக் குழாய் நுழையும். ஆனால் நிற்கத் தெரியாது. வெடித்து விந்துச் செல்களை விடுவிக்காமல் உள்ளேயே சுற்றிச்சுற்றி வளர்ந்துகொண்டிருக்கும். கருவுறுதல் நடக்காது.

5. சர்க்கரை போர்த்திய புரதங்கள்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஏற்பிகள். இன்னொரு கூட்டமும் செல்பரப்பில் உண்டு: அரபினோகேலக்டன் புரதங்கள். இவற்றின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் சர்க்கரைச் சங்கிலிகள்தான். இவ்வகைப் புரதங்கள் பல கொழுப்பு நங்கூரம் ஒன்றால் சவ்வின் வெளிப்புறத்தில் கட்டப்பட்டிருக்கும். அகேசியா மரத்திலிருந்து வடியும் அரபுப் பிசினில் இவை நிறைய உள்ளன. மிட்டாயிலும் மருந்து மாத்திரையிலும் நாம் அன்றாடம் இவற்றை உண்கிறோம்.

பிசினில் இருக்கும் பொருளுக்குச் செல்லின் வளர்ச்சியில் என்ன வேலை? இங்கிலாந்தின் நாரிச் நகரில் ரோஜர் பென்னல், கீத் ராபர்ட்ஸ் இருவரும் 1990இல் ஒரு விடை கொடுத்தார்கள். இப்புரதங்களின் சர்க்கரைப் பகுதியை அடையாளம் காணும் எதிர்ப்புரதங்களைக் கொண்டு பட்டாணிப் பூவைச் சோதித்தார்கள். எந்தச் செல்கள் மகரந்தத்தையும் கருப்பையையும் உண்டாக்கப் போகின்றனவோ, அவற்றின் பரப்பில் இந்தப் புரதங்களின் கோலம் முன்கூட்டியே மாறியிருந்தது. வடிவத்தில் வேறுபாடு தெரியும் முன்பே பரப்பு மாறிவிட்டது.

ஜப்பானில் ஹிகாஷியாமா குழுவினர் டொரேனியா என்ற தோட்டப்பூவில் கண்டது இன்னும் நுட்பமானது. அதன் துணைச் செல்கள் லூர் என்ற சிறு புரதங்களைச் சுரந்து மகரந்தக் குழாயை அழைக்கின்றன என்று 2009இல் காட்டியிருந்தார்கள். ஆனால் குழாய்க்கு அந்த அழைப்பைக் கேட்கும் தகுதி பிறவியிலேயே இல்லை. சூலின் அரபினோகேலக்டன் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் இரட்டைச் சர்க்கரை ஒன்று தொட்ட பிறகே அது லூரின் பக்கம் திரும்புகிறது. அந்தச் சர்க்கரைக்கு 2016இல் ஆமோர் என்று பெயரிட்டார்கள். புரதத்தின் வரிசையை மட்டும் படித்தால் போதாது, அதன்மேல் போர்த்திய சர்க்கரையையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

6. ராகியின் கேள்வி

இந்நகரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கிளாவாட்டா வகை ஏற்பிகள் தானியப் பயிர்களின் கதிரையும் வடிவமைக்கின்றன. நெல்லில் கிளாவாட்டா-1இன் உறவான ஃபான்-1 குலைந்தால் பூவின் உறுப்புகள் கூடுகின்றன. மக்காச்சோளத்தில், அதே வகையின் இன்னொரு ஏற்பியான கிளாவாட்டா-2இன் உறவான ஃபியா-2 முற்றிலும் இல்லாமல் போனால் கதிர் பட்டையாகிக் கெடும். ஆனால் அதன் வேகத்தைச் சற்றே தணித்த மரபணு வடிவங்களால் மணி வரிசைகள் கூடின என்று டேவிட் ஜாக்சன் குழு 2013இல் காட்டியது. முழுக்க அணைத்தால் கேடு, கொஞ்சம் தணித்தால் விளைச்சல். இந்திய அறிவியல் கழகத்தில் உஷா விஜயராகவன் பல ஆண்டுகளாக நெற்பூவின் ஆக்குத்திசு எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று ஆராய்ந்திருக்கிறார். மெயரோவிட்ஸின் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவரும். ஆக, வேண்டிய அறிவு இந்நகரில் இருக்கிறது.

கர்நாடகத்தின் உணவான ராகியின் கதிர் விரல்கள் போலப் பிரிந்திருக்கிறது. விரல்களின் எண்ணிக்கையும் நீளமும் விளைச்சலைப் பாதிக்கின்றன. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹிட்டல்மணி தலைமையிலான குழு எம்எல்-365 என்ற ராகி வகையின் மரபணுத் தொகுதியை 2017இல் வெளியிட்டுவிட்டது. எழுத்துகள் கையில் உள்ளன. அதில் கிளாவாட்டா வகை ஏற்பிகள் எவை, ராகியின் கதிர்நுனியில் எந்தச் செல்லின் பரப்பில் அவை எந்த நாளில் தோன்றுகின்றன, அவற்றைச் சற்றே தணித்தால் விரல் கூடுமா, கூடினால் மானாவாரி நிலத்தில் அத்தனை விரல்களிலும் மணி நிரம்புமா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாரேனும் இந்தக் கேள்வியை அப்பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்து ராகி வயலில் தொடங்கலாம். அதற்கு வேண்டிய நுண்ணோக்கியும் அதே வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலேயே இருக்கிறது.